சற்றே தூக்கித் தள்ளவும்

கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது என்று
சுவரொட்டியில் அச்சிட்டிருந்தோம்.
மீன் பதனிடும் ஆலை வாசலில் ஒன்று,
கூட்டுறவுக் கடையில் ஒன்று,
மூடிப்போன சுரங்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் ஒன்று.
வெகுநாளாய்க் கோயிலுக்கு வராதவர்களே, வாருங்கள்.
புதன் மாலை ஏழு மணி. காப்பி உண்டு.

உண்மையில் அந்தக் கதவு திறக்காது.
கிளேஸ் பேயின் ஈரத்தில் மரம் ஊதி
தவக்காலம் முழுக்கச் சட்டத்தைக் கவ்விக்கொள்ளும்.
கைப்பிடியைச் சற்றே தூக்கி
அடியில் காலால் ஒரு தட்டு.
எங்களுக்குத் தெரியும்.
தெரியாதவர் பூட்டியிருக்கிறதென்று திரும்பிவிடுவார்.
இதை யாரும் சுவரொட்டியில் எழுதவில்லை.

பதினான்கு நாற்காலி போட்டேன்.
வட்டமாகப் போடச் சொன்னார் ஃபாதர் ஒபியோரா.
நைஜீரியாக்காரர், இது அவருக்கு இரண்டாவது பனிக்காலம்,
கோட்டைக் கழற்றாமலே ஜெபித்தார்.
முட்டை சாண்ட்விச்சுகளின் ஓரத்தை வெட்டி
ஓரங்களை நானே தின்றேன்.
ஏழரை வரை
கடல் மட்டும் வந்து வந்து போனது.

பிறகு ஒரு தூக்கல். ஒரு தட்டு.
நம்மில் ஒருத்தி என்று நினைத்து நான் எழுந்திருக்கவில்லை.

இஷ்பெல் மக்கீகன்.
இருபத்தாறு வருடம்.
காலணியின் பனியை வாசலிலேயே தட்டிவிட்டு
"திரும்பி வரவில்லை மொராக்,
காப்பி இன்னும் அவ்வளவு மோசமா என்று
பார்க்க வந்தேன்" என்றாள்.
குடித்துப் பார்த்து, ஆமாம் என்றாள்.

அவளை யாரும் போகச் சொன்னதில்லை.
அதைச் சொல்லிவிட வேண்டும்.
ஃபெர்கஸின் வீட்டை விட்டு அவள் வந்தபின்
முதல் ஞாயிறு, மணிக்கட்டில் மாவுக்கட்டு,
நாங்கள் பெஞ்சில் சற்று நகர்ந்து உட்கார்ந்தோம்.
அவ்வளவுதான்.
இடம் விடுவதுபோலத்தான் இருந்தது பார்வைக்கு.
மேலே ஃபெர்கஸ் பாடகர் குழுவுக்குக் கையசைத்தான்.
என்ன குரல் அது, என்ன குரல்.
அந்தக் கையைப் பற்றி எங்களுக்குத் தெரியும்.
அந்தக் குரலும் எங்களுக்கு வேண்டியிருந்தது.

ஃபாதர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.
தன் ஊரில் மழைக்காலத்தில் எந்தக் கதவும்
இப்படித்தான் என்றார்.
அவள் சிரித்தாள். மூன்று சாண்ட்விச் எடுத்துக்கொண்டாள்,
ஒன்றைக் காகிதத்தில் சுற்றி.

ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசைக்கு வந்தாள்.
"ஆண்டவர் உங்களோடு இருப்பாராக."
எல்லோரும் "உம் ஆன்மாவோடும்" என்றோம்.
அவள் மட்டும்
உரக்க, பழைய பழக்கத்தில்,
"உம்மோடும்" என்றாள்.
மாற்றி எத்தனையோ வருடமாயிற்று.
யாரும் அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை.
தலைகள் திரும்பின.
நான் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டிருந்தேன்,
இருந்தும் இன்னொரு முறை, அவளுடைய விதத்தில்,
மெதுவாகச் சொன்னேன்.
அவள் காதில் விழுந்திராது.

நன்மை வாங்க அவள் போகவில்லை.
முழங்காலைத் திருப்பி எங்களுக்கு வழிவிட்டாள்.

முடிந்ததும் மாடிப்படியின் அடியில் நின்றாள்.
அங்கே பித்தளைத் தகடு:
ஃபெர்கஸ் மக்கீகன் நினைவாக,
நாற்பது ஆண்டுகள் இறைவனின் புகழ் பாடியவர்,
நன்றியுள்ள பங்கு மக்கள்.
அவன் போய் ஆறு வருடம். தகடு நேற்று அடித்ததுபோல் மின்னியது.
வெகுநேரம் அதையே பார்த்தாள்.
அதில் அவள் முகம் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

"யார் துடைக்கிறார்கள்?"

ஃபாதர் தூரத்தில் குழந்தைகளோடு இருந்தார்.
வேறு யாராவது என்று சொல்லியிருக்கலாம்.
"நான்தான், சனிக்கிழமைகளில்" என்றேன்.

தலையசைத்தாள். கையுறை போட்டுக்கொண்டாள்.
அடுத்த வாரம் வருவேன் என்று சொல்லவில்லை.
வரமாட்டேன் என்றும்.
கதவைத் தூக்கித் தட்டிக்கொண்டு போனாள்.

இன்று சனிக்கிழமை.
பீடத்துணி மடித்தாயிற்று, மெழுகு சுரண்டியாயிற்று,
துணியும் பாலிஷ் டப்பாவும் அலமாரியில்.
மாடிப்படியைத் தாண்டி நேரே கதவுக்குப் போய்
ஒரு மரத்துண்டை அடியில் செருகித் திறந்து வைத்தேன்.
கடற்காற்று உள்ளே வந்தது.
பித்தளை பச்சை பூக்க
உப்புக்கு எத்தனை ஞாயிறு பிடிக்கும்,
எனக்குத் தெரியாது.