எட்டு கிராம்

கோரையாற்றுக்குத் தண்ணீர் வர இன்னும் ஆறு நாள்.
மூன்றாம் ஷட்டர் மட்டும்
சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.
பட்டனை அழுத்தினால் ஒரு மூச்சு யோசிக்கிறது,
பிறகு திடுக்கென்று ஏறி
அரை அடி தள்ளி நிற்கிறது.
மத்தியானம் ஒழுங்காக ஏறுகிறது.
விடிகாலையில்தான் அடம்.

மோட்டாரில் கோளாறு என்றார் உதவிப் பொறியாளர் திருமேனிநாதன்.
வால்வை மாற்று என்றது ஆபீஸ்.
போன வருஷம் மாற்றிய வால்வு
அலமாரியில், செய்தித்தாள் சுற்றி.
முந்தின வருஷத்தது அதன் பக்கத்தில்.

நான் எண்ணெயைக் கேட்டேன்.
நூறு மில்லி, கழுவிய பாட்டிலில்.
சூசைமாணிக்கம் வெயிலில் தூக்கிப் பிடித்தான்:
"தேன் கணக்கா இருக்கேக்கா, இதுலயா அழுக்கு?"

நம் கண் நாற்பது மைக்ரானோடு நின்றுவிடும், சூசை.
வால்வுக்குள் உருளைக்கும் கூட்டுக்கும் நடுவில்
இருக்கிற சந்து நான்கு.
அந்தச் சந்தில் போய் உட்காருவதை
நீயும் பார்க்க முடியாது, நானும்.

வடிதாளில் இழுத்தோம்.
வெள்ளை சாம்பலானது,
சாம்பல் டிகாக்‌ஷன் நிறமானது.
மைக்ராஸ்கோப்பின் அடியில்
பம்பின் பித்தளை மினுமினுத்தது.
சீலின் ரப்பர்.
கூர் மழுங்காத மணல்.
அப்புறம், எனக்கே புரியாமல்,
ஒரு வெள்ளை நூல்.

டேங்கின் தலையில் மூச்சுவிடும் மூடி தொலைந்து
மூன்று வருஷமாம்.
ஓட்டையில் பழைய பனியனைச் சொருகியிருந்தார்
வாட்ச்மேன் கலியபெருமாள்.
"பல்லி விழுந்துருமேன்னு போட்டேன்மா."
பல்லி விழவில்லை, உண்மைதான்.

நாலு மைக்ரான், ஐந்து மைக்ரான் தூளுக்கு
எங்கள் தொழிலில் வண்டல் என்று பெயர்.
பயிற்சியில் முதல்நாள் கேட்டுச் சிரித்துவிட்டேன்.
எங்கள் வீட்டுப் பத்திரத்தில்
நிலத்தின் விலையை ஏற்றுவதற்கென்றே
எழுதிவைத்த சொல் அது.

தூள்கூடப் பரவாயில்லை, பிடித்துவிடலாம்.
எண்ணெய் வெந்து உடைவதுதான் பொல்லாதது.
தகரக் கொட்டகை, சித்திரை வெயில்,
டேங்கில் எழுபது டிகிரி.
உடைந்தது உருளையின்மேல் படிகிறது,
ஆறின பாலில் ஆடை மாதிரி.
நகத்துக்கு வராது.
சூடேறினால் கரைந்து ஒளிந்துகொள்ளும்,
குளிர்ந்தால் பழைய இடத்துக்கே வரும்.
விடிகாலை அடத்தின் காரணம் அவ்வளவுதான்.

ஆகவே ராத்திரியில் ஓட்டினேன்.
மன்னார்குடியிலிருந்து வாடகைக்கு வந்த வடிகட்டி வண்டி,
இரண்டு ஹோஸ், ஒரு கொசுவத்தி.
நானூறு லிட்டரும் எத்தனை சுற்று சுற்றியதோ,
நான்கு ராத்திரி.
குறைந்த அளவுக்கு ஊற்றப் புதுப் பீப்பாய் வந்தது.
அதையும் வண்டி வழியாகத்தான் விட்டேன்.
"சீல் உடைக்காத எண்ணெயம்மா!" என்றார் திருமேனிநாதன்,
தன் கல்யாணச் சாப்பாட்டைக் குறை சொன்ன மாதிரி.
பேசாமல் ஒரு வடிதாளை நீட்டினேன்.
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு பீப்பாயின் சீலைப் பார்த்தார்.

தண்ணீர் வந்தது, சொன்ன நாளுக்கு ஒருநாள் கழித்து,
விடிகாலை நாலே முக்காலுக்கு.
நுரையும் ஆகாயத்தாமரையும் ஒற்றைச் செருப்பும் முன்னால்,
பின்னால் செம்பழுப்பில் ஆறு.
இரண்டு சென்டிமீட்டர் என்றேன்.
இரண்டு சென்டிமீட்டர் ஏறியது.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை,
பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.
அடியில் நுழைந்த கலங்கல்
ஆளாளின் வயலுக்குப் போனது.

பத்துநாள் கழித்து ஆபீஸிலிருந்து போன்.
வாடகை, ஃபில்டர், புது மூடி,
நாற்பத்திரண்டாயிரம் எதற்கு?
வெளியே எடுத்த அழுக்கு எவ்வளவு?

எடைபோட்டுத்தான் வைத்திருந்தேன்.
எட்டு கிராம் என்றேன்.

அந்தப் பக்கம் கணக்கர் அமிர்தகடேசன்
பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது.
"அதாவது, ஒரு பவுன்."

ஆமாம் சார்.
அடுத்த வாரம்
ஐந்தாம் ஷட்டரிலும் எடுக்கணும்.