ஒன்பது கிலோ மாவு

நெவெரா என்றால் அங்கே திடீர்ப் புயல்.
அந்தப் பெயர் வைத்த கப்பல்
புயலே இல்லாத ஆகஸ்ட் இரவில்
எண்ணெய் ஊற்றியது போல் கிடந்த ஏட்ரியாட்டிக் கடலில்
கூரை ஓடுகளோடு இறங்கிப்போனது.
வயது முப்பத்தொன்று.
காப்பீட்டுத் தொகையை இரட்டிப்பாக்கி ஐந்து வாரம்.
பதினோரு பேரும் கரை சேர்ந்தார்கள்.
ஒருவருக்கும் கால் நனையவில்லை.

அதுதான் வழக்கு.

ரியேகா வணிக நீதிமன்றம், மூன்றாம் மாடி.
லிஃப்ட் ஓடவில்லை.
கவிழ்ந்தது என்கிறார்
உரிமையாளரின் வக்கீல் யெரோலிம், மூச்சு வாங்க.
கவிழ்த்தார்கள் என்கிறார்
காப்பீட்டு நிறுவனத்துக்காக
த்ரியெஸ்தேயிலிருந்து வந்த ஃபூர்லானி அம்மையார்.
அவர்கள் மொழியில் அதற்கு எத்தனை சொல் செலவோ,
தமிழில் ஓர் ஒற்றுதான்.
கவிழ்ந்த கப்பல்.
கவிழ்த்த கப்பல்.
மெல்லினத்துக்கும் வல்லினத்துக்கும் நடுவே
நாற்பத்திரண்டு லட்சம் யூரோ.

கடல்நீர் உள்ளே வரும் வால்வு
துருவேறி உடைந்ததா,
ஒரு கை திருகித் திறந்ததா?
பார்த்துவிடலாம்தான்.
ஆயிரத்து நூறு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது.
அங்கே கேமரா இறக்கும் செலவு
கப்பலின் விலையைத் தாண்டுகிறது.
ஆகவே கப்பலை விட்டுவிட்டு
அதிலிருந்த மற்றதையெல்லாம் விசாரிக்கிறார்கள்.

முதலில் கேனரிக் குருவி.
கேப்டன் லோவ்ரே அதைக் கூண்டோடு
உயிர்ப்படகில் ஏற்றியிருந்தார்.
கூடவே ஒரு பொட்டலம் தினை.
"தப்பி ஓடுகிறவர்
இரண்டு வாரத்துக்கு அளந்தா எடுப்பார்?"
ஃபூர்லானி கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.
கேப்டன் தன் நகங்களைப் பார்த்தார்.

அடுத்தது சமையல்காரர் டிஹோமில்.
யாரோ கொடுத்த கோட்டு, தோளில் தொங்குகிறது.
"அன்றிரவு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"
"மாவு பிசைந்தேன், காலை ரொட்டிக்கு."
"எவ்வளவு?"
"ஒன்பது கிலோ. ஈரத்துணி போட்டு மூடினேன்."
யெரோலிம் கூடத்தின் பக்கம் திரும்பினார்.
"மூழ்கப்போகிற கப்பலில்
நாளைக்கு யாராவது ரொட்டி சுடுவார்களா?"
நீதிபதி குறித்துக்கொண்டார்:
மாவு. ஒன்பது கிலோ.
கப்பல் கீழே கீழே போகையில்
துணிக்கடியில் அது மேலே மேலே உப்பியிருக்கும்
என்பது குறிப்பில் இல்லை.

கூண்டில் நின்றபடி டிஹோமிலுக்கு
வேறொன்று நினைவுக்கு வந்தது.
எட்டு வருடத்தில் முதல் தடவையாக அன்று
கேப்டன் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.
கோதுமை தீர்கிறது, கொஞ்சம் குறைக்கட்டுமா என்றதற்கு
"வேண்டாம். வழக்கம்போல் பிசை" என்றார்.
பிசைந்து முடியும்வரை நின்றார்.
கடைக்கோடி எண்ணெய்க்காரன் வரை
அன்று மாலையே பெட்டி கட்டியிருந்ததை
டிஹோமில் படகில்தான் பார்த்தார்.
தன்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை என்று
பதினான்கு மாதமாகக் குமைந்தவருக்கு
இந்த மரத்தடுப்பைப் பிடித்திருக்கும்போதுதான் விளங்கியது.
பொய்யே தெரியாத ஒரு ஜோடிக் கை
அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

வேறு கேள்வி உண்டா என்றார் நீதிபதி.
இல்லை.
கேட்டதற்கு உண்மை சொல்வதாகத்தான் சத்தியம்.
இறங்கிவிட்டார்.

தீர்ப்பு வரவில்லை.
உணவு இடைவேளையில், காபி இயந்திரத்தின் பக்கத்தில்
நாற்பது சதவீதத்துக்குக் கை குலுக்கிக்கொண்டார்கள்.
ஆக, நெவெரா
நூற்றுக்கு நாற்பது பங்கு கவிழ்ந்தது,
அறுபது பங்கு கவிழ்த்தது.

டிஹோமிலின் இரண்டு கத்தி, ஒரு ரேடியோ,
கால் பழகிய செருப்பு
எந்த ஷரத்திலும் அடங்கவில்லை.
சாட்சிப்படி: பஸ் கட்டணம் மட்டும்.

மார்ச்சில் தொலைபேசி மணி.
கேப்டன். பின்னால் குருவிச் சத்தம்.
புதிதாக ஒரு கப்பல், புதிதென்றால் இருபத்தாறு வயது,
சமையலுக்கு வருகிறாயா என்றார்.
வாடகை இரண்டு மாதம் பாக்கி.
வருகிறேன் என்றார் டிஹோமில்.
"ஒன்று மட்டும்.
எந்த ராத்திரிக்கு மாவு பிசைய வேண்டாமோ
அதை என்னிடமும் சொல்லிவிடுங்கள்."

மறுமுனையில் கொஞ்ச நேரம்
குருவி மட்டும் பேசியது.