கூடுதலாய் ஒரு நாள்

பிஸ்மார்க் நகரில் பிப்ரவரி, காலை எட்டரை.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
என் மேசையில் மூன்று நிறக் கோப்புகள்:
அறிவியலுக்கு நீலம், கணக்குக்கு மஞ்சள்,
அயல்மொழிக்குப் பச்சை.

ஆசிரியராகப் படிக்க அரசு பணம் தரும்.
படித்தபின் நாலு வருடம்
யாரும் போகாத பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும்.
போனால் அது மானியம்.
போகாவிட்டால்,
அல்லது போனதைக் காகிதத்தில் காட்டாவிட்டால்,
அது கடன்.
பணம் அதேதான், பெயர்தான் மாறுகிறது.
வட்டி மட்டும் முதல் நாளிலிருந்தே
தூங்காமல் இருந்திருக்கிறது.

பச்சைக் கோப்பில் போன மாதம் ஒரு பெண்.
ஹிடாட்ஸா மொழி கற்பிக்கவேண்டுமாம்.
'எந்த நாட்டு மொழி?' என்ற கட்டத்தில்
'நீங்கள் நாற்காலி போட்டிருக்கும் நாட்டினுடையது'
என்று எழுதியிருந்தாள்.
கணினி ஏற்கவில்லை.
எந்த அடுக்கில் சேர்ப்பதென்று தெரியாமல்
ஜன்னலோரம் வைத்திருக்கிறேன்.

சொல்ல வந்தது மஞ்சள்.
எண் 0417. வெண்டலின் ஷாட்ஸ், வயது ஐம்பத்திரண்டு.
நிலக்கரிச் சுரங்கத்தில் எடைமேடைக்காரர்,
சுரங்கத்தை மூடும்வரை.
ஏன் கணக்கு ஆசிரியராக விரும்புகிறீர்கள்?
இருநூறு சொற்களுக்கு மிகாமல்.
அவருக்கு எட்டு போதுமாயிருந்தது:
'லாரி பொய் சொல்லும். ஓட்டுநர் பொய் சொல்வார். எடை சொல்லாது.'
பதினாறாயிரம் டாலர்.
முத்திரை குத்தியது நான்தான்.

மூன்றாம் வருடம், செப்டம்பரில் ஒரு புதன்கிழமை
அவர் பள்ளியின் தலைமையாசிரியர்
சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.
அக்டோபர்ச் சான்றிதழில்
கையெழுத்துக் கோடு வெறுமையாய் வந்தது.
முப்பது நாள் கெடு. முப்பத்தோராம் நாள்
நான் ஒரு பொத்தானை அழுத்தினேன்.
'வருந்துகிறோம்' என்று தொடங்கும் கடிதம் அது.
வருத்தத்தை இயந்திரமே அச்சடித்துவிடும்,
எங்களில் யாரும் படவேண்டியதில்லை.

இன்று பதில். பழுப்பு உறை, கனம்.
கெஞ்சல் இல்லை, வக்கீல் இல்லை.
பதினான்கு கோடு போட்ட தாள்கள்,
மேலே ஒரு குறிப்பு:

'என் பெயரை மறைத்துவிட்டு
உங்கள் கடிதத்தைப் பத்தாம் வகுப்புக்கு
வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன்.
ஆறு சதவீதம், தனிவட்டி.
பதினொரு பேருக்குச் சரியான விடை வந்தது.
மூன்று பேருக்கு உங்கள் விடை வந்தது.
லீப் வருடத்துப் பிப்ரவரி இருபத்தொன்பதை
இரண்டு தடவை எண்ணியிருக்கிறீர்கள்.
இரண்டு டாலர் அறுபத்துமூன்று சென்ட்.
விடைத்தாள்கள் இணைப்பில்.'

ஒவ்வொரு தாளிலும் பெயர், தேதி,
சிவப்பு மையில் மதிப்பெண்.
ஒருத்தி ஓரத்தில் மாடு வரைந்திருக்கிறாள்.
ஒருவன் கேட்டிருக்கிறான்:
'இந்தக் கடனை வாங்கினவன் முட்டாளா, சார்?'
அதன்கீழே சிவப்பில்:
'கணக்குக்குத் தொடர்பில்லாதது.'

மதியம் ரொட்டியைத் தள்ளிவைத்துவிட்டு
உறையின் முதுகில் போட்டுப் பார்த்தேன்.
முதல் தடவை எனக்கும் எங்கள் விடைதான் வந்தது.
இரண்டாம் தடவை ஷாட்ஸ்.
மூன்றாம் தடவையும் ஷாட்ஸ்.

மேல்முறையீட்டுக்குப் படிவம் உண்டு.
முகவரி மாற்றத்துக்கு உண்டு, மரணத்துக்கும் உண்டு.
'தவறு எங்களுடையது' என்பதற்கு
அலமாரி முழுக்கத் தேடினேன்.

கைப்பையைத் திறந்து
இரண்டு ஒற்றை டாலர் தாள்,
இரண்டு கால் டாலர், ஒரு பத்து சென்ட், மூன்று செப்புக் காசு
கோப்பின்மேல் எண்ணி வைத்தேன்.
மீதி பதினாறாயிரத்துக்கு
என்னிடம் சில்லறை இல்லை.

பதினான்கு தாளையும் விரித்து
ஜன்னலோரம், பச்சைக் கோப்பின் பக்கத்தில்
வைத்திருக்கிறேன்.
வெள்ளிக்கிழமை மேலதிகாரி வருவார்.
அந்த ஜன்னலருகேதான்
நின்றுகொண்டு காப்பி குடிப்பார்.