லாங் ஆன்

விருதம்பட்டுப் பக்கம் பாலாற்றில்
தண்ணீர் என்பது வதந்தி.
மே மாதம், நூற்றியெட்டு டிகிரி,
மூன்று கருவேலக் குச்சி நட்டால் ஸ்டம்ப்.
ரூபன் தூக்கி அடித்தது
லாரிகள் தோண்டிவிட்டுப் போன பள்ளத்தில் விழுந்தது.
யாரும் இறங்கவில்லை.
பந்து தானாகத் திரும்பி வந்தது
சொட்டச் சொட்ட.

பிழிந்து பார்த்தான் இம்தியாஸ்.
பாசி வாசம்.
"நாய் கவ்வியிருக்கும்" என்றேன்.
கீப்பர் நின்ற ஜெபஸ்டின் மட்டும்
மெதுவாகக் கேட்டான்:
"லாங் ஆன்ல யார்ரா நிக்கிறது?"

லாங் ஆனில் எப்போதும் தணிகைவேல்தான்.
ஓட மாட்டான், நன்றாக எறிவான்.
ஒன்றரை வருஷம் முன்னால் ஒரு நவம்பரில்
அதிசயமாய் ஆறு வந்தது.
பாலத்தின் மேல் ஊரே நின்று செல்ஃபி எடுத்தது.
அப்போது டென்த்.
"குதிச்சா இருபது ரூபா" என்று சொன்னது
எங்கள் நாலு பேரில் ஒருவன்.
எவன் என்று போலீஸ் கேட்டது.
அவன் அம்மா கேட்டார்.
நாலு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

பந்து நனைந்த நாளிலிருந்து
நீட் கோச்சிங்கில் வயிற்றுவலி சொல்லிவிட்டு
தினமும் வந்தோம்.
பயமில்லை என்றால் பொய்.
ஆனால் ஃபீல்டிங்குக்கு ஆள் பற்றாது.
போனில் எழுதிய ஸ்கோரில் ஐந்து பெயர்.
ஐந்தாவதை டைப் செய்தது யாரென்று
அதையும் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

நேற்று எல்லோரும் போன பிறகு
விழுந்த பைக் சாவிக்காக மணலைக் கிளறிக்கொண்டிருந்தேன்.
காட்பாடிப் பக்கம் ஏதோ ரயில் கூவியது.
பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
அதே டென்த் பேண்ட்,
கணுக்காலுக்கு இரண்டு விரற்கடை மேலே.
சாவியை எடுத்து என் மடியில் வைத்தான்.
குளிர்ந்திருந்தது.
பிறகு என் மேலுதட்டைத் தொட்டான்,
அப்பாவின் ரேசரைத் திருடியும்
இன்னும் மழிக்கத் தைரியம் வராத இடத்தை.
"இன்னாடா, உனுக்கு மொளச்சிடுச்சி.
எனுக்கு எப்ப?"

பர்ஸில் இருந்த இருபது ரூபாயை நீட்டினேன்.
ஏன் நீட்டினேன் என்று
அவன் கேட்கவில்லை.
வாங்கி, மடித்து,
ஈரச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன்.
அவன் விரல் பட்ட இடத்தில்
ஒரு முடி இல்லை.
மழித்தது மாதிரி இல்லை,
இனிமேல்தான் முளைக்க வேண்டும் என்பது மாதிரி.

நாளைக்கு மூன்றரை மணிக்கு மேட்ச்.