இருமலுக்கு அடியில்

புதுக்கடை. நான்காம் இலக்க நீதிமன்றம்.
முகத்துவாரத்துப் பெர்பெத்துவா சாட்சி சொல்கிறாள்.
மின்விசிறிக்கு என்னைவிட வயது கூட.
ஜன்னலுக்கு வெளியே முச்சக்கர வண்டிகள், காகம்,
ஒரே பெயரை மூன்று தரம் கூப்பிடும் பொலிஸ்காரர்.

"காசுப் பொட்டலத்த அவன்தான் எடுத்தான் ஐயா."

சிங்களத்தில் சொன்னேன்: கத்தா.
பியசீலி தட்டச்சில் அடித்தாள்.
அரை விநாடிச் சொல்.
கூண்டுக்குள் ரெஜினோல்ட் தலையைத் தூக்கி
நீதவானை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்,
பிறகு குனிந்துகொண்டான்.

பதினொரு நாள் கழித்து
எதிர்த்தரப்பிலிருந்து ஒரு கடிதம்:
பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.

பார்த்தேன். காதில் ஹெட்போன், நாலு தரம்.
நாலு தரமும் எடுத்தான். மணி அடித்தமாதிரி.
இருமல் ஒன்று இருந்தது, உண்மைதான்,
அரச சட்டத்தரணியின் சளி கட்டிய இருமல்.
ஆனால் அது வசனம் முடிந்த பிறகுதான் வந்தது என்று
என் ஞாபகம் பைபிளில் கைவைத்துச் சொன்னது.

ஒலிப்பதிவுப் பிரிவில் இர்ஷாத் என்றொரு பொடியன்.
இருமலை மட்டும் வெட்டி எடுத்தான்.
அந்த இடத்தில் ஒன்றுமில்லாததை ஒட்டினான்.
"இப்ப கேளுங்க மிஸ்."

அவன்தான்
               டுத்தான் ஐயா

பல் விழுந்த இடம்போல ஓர் ஓட்டை.
இருமலைத் திருப்பி வைத்தான்: எடுத்தான்.
கழற்றினான்: டுத்தான்.
மறுபடி வைக்கச் சொன்னேன்.
தெரிந்துகொண்டும் கேட்டேன், அப்போதும்
எடுத்தான்.

காற்று தள்ளும். தோல் அதிரும்.
மூன்று சின்ன எலும்புகள் ஒன்றையொன்று தட்டும்.
நத்தை ஓட்டுக்குள் நீர் அசைய, நீருக்குள் மயிர்கள் சாயும்.
இதுவரைக்கும் நேர்மையான வேலை.
அதற்கு மேலே, இடது காதுக்கு உட்புறமாக,
ஒரு மேசன் குந்தியிருக்கிறான்.
சொல்லின் வால் வரும்வரை பொறுத்திருந்து
தலையைச் செய்து வைப்பான்,
வைத்துவிட்டு, முதலே வந்தது என்பான்.
மௌனத்தில் அவனுக்குக் கை ஓடாது.
பூசி மறைக்க ஒரு சத்தம் வேண்டும்.
கொழும்பில் அதற்கா பஞ்சம்.

சாந்தில் என்ன குழைத்தாய் என்று கேட்டேன்.
களவு வழக்கு என்று கோப்பில் இருந்தது.
செட்டியார் தெருவில் பொதி சுமப்பவன் என்றிருந்தது.
முழங்கைக்குக் கீழே பச்சை குத்திய தேள்.
தேளையும் என் காது கேட்டிருக்கிறது.

குடுத்தான் என்று சொல்லியிருக்கலாம்.
தடுத்தான் என்றுகூட.
பெர்பெத்துவாவுக்கு அடுத்த தவணை கார்த்திகையில்.
அதற்குள் அவளும் தான் சொன்னதை
வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

திருத்தம் எழுத உட்கார்ந்தால் வேறொரு வில்லங்கம்.
எடுத்தால் கத்தா, கொடுத்தால் துன்னா.
சிங்களத்தில் இரண்டுக்கும் வால் வேறு.
ஓட்டையை ஓட்டையாகவே
அந்தக் கரைக்குக் கொண்டுபோக ஓடம் இல்லை.
பத்தொன்பது வருட உத்தியோகத்தில் முதல் தடவையாக
இப்படிச் சொன்னேன்:
இந்த இடத்தில் எனக்குக் கேட்கவில்லை.
கேட்டது என்று நினைத்தேன்.
பியசீலி விரலை நிறுத்தினாள்.
"ரெண்டு வசனமும் வேணுமா?"
ரெண்டும்.

ஐந்தரை மணி, ஆமர் வீதிச் சந்தி.
"க்குளிய க்குளிய க்குளிய"
கொண்டக்டரின் வாயில் பாதி, ஹோர்னுக்குள் மீதி.
முழுப் பெயரையும் கேட்டவர்களாக
எல்லோரும் ஏறுகிறார்கள்.
ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு
"மட்டக்குளிதானே?" என்றேன்.
செவிடு என்று நினைத்திருப்பான், பாவம்.
குனிந்து, என் முகத்துக்கு நேரே வந்து,
உதட்டைப் பிரித்துப் பிரித்து
ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான்.