இரண்டாவது வலை

கிளினிக்கில் கொசுவலை இரண்டு கொடுத்தார்கள்.
ஒன்றைப் பிள்ளைகள் மேல் கட்டினேன்.
மற்றதை லிகாண்டோ ஆற்றில் கட்டினான்.
கேட்டதற்கு
"மீனையும் கொசு கடிக்குமே" என்றான்.

செப்டம்பர்.
ஜாம்பேசி வற்றி, மணல் திட்டுகள்
முதுகு காட்டும் மாதம்.
நீர்கீறிகள் முட்டையிட்டிருந்தன
கூடென்று ஏதுமில்லாத வெறும் குழியில்.

அந்தப் பறவையைச் செய்தவன்
அளவு நாடாவைத் தொலைத்திருக்க வேண்டும்.
கீழலகு நீளம், மேலலகு குட்டை,
மூடவே வராத சிவப்புக் கத்தரிக்கோல்.
குஞ்சாய் இருக்கையில் இரண்டும் சமம்தான்.
பறக்கப் பழகிய பிறகே
கீழ்த்தாடை முந்திக்கொள்ளும்.

பொழுது சாய்ந்தால் வரும்.
வாயைத் திறந்து
கீழலகை மட்டும் தண்ணீரில் நட்டு,
சிறகு நனையாமல்,
துணிக்கடைக்காரன் கத்தரி ஓட்டுவது போல்
ஆற்றை நெடுக்கில் கிழித்துப் போகும்.
மீனைப் பார்ப்பதில்லை.
அலகில் ஏதோ இடறும்;
இடறியதுமே தலை மார்புக்கடியில் மடங்கும்,
மேலலகு விழும்.
என்ன பிடித்தோம் என்று
அதற்கே அப்புறம்தான் தெரியும் போல.

பிறகு கிழித்த கோட்டிலேயே திரும்பும்.
நீர் ஏன் நடுங்கியது என்று பார்க்க
பொடிமீன்கள் மேலேறியிருக்கும்.
வேடிக்கை பார்ப்பவர்களுக்கு
ஆற்றில் ஆயுள் குறைவு.

அன்று இடறியது எங்கள் வலை.

மீனுக்கு மடங்கும் கழுத்து
வலைக்கும் மடங்கியது.
"நமாசிகு, டார்ச்சைப் பிடி!"
ஓடத்திலிருந்து குனிந்தேன்.
கருவிழி பூனைக்கு இருப்பது போல
நெட்டுக்குத்தாய் ஒரு கீற்று;
வெளிச்சம் பட்டதும் நூலாகச் சுருங்கியது.
பகலெல்லாம் வெள்ளை மணலில் கிடக்கிறதே,
கதவு சாத்தத் தெரியாமலா இருக்கும்?

அலகைத் தொட்டேன்.
பக்கவாட்டில் தட்டை, சவரக்கத்தி போல.
மஞ்சள் நுனி நகத்தளவு உடைந்திருந்தது.
"இனி பட்டினிதான்" என்றேன்.
"வளர்ந்துவிடும்.
தினம் தண்ணீரில் தேய்வதை
தினம் வளர்த்துத்தானே ஆக வேண்டும்" என்றான்.
ஆனால் கத்தியை எடுக்கவில்லை.
வலை புதிது. திங்கட்கிழமை மோங்குச் சந்தை.
பறவையின் நெஞ்சு என் உள்ளங்கையை
இடித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் அறுத்தான், முழங்கை நீளத்துக்கு.
குட்டி நாய் போலக் குரைத்துவிட்டு
அது இருட்டுக்குள் போயிற்று.
களிக்கு அன்று கீரைதான்.

கிழிந்த வலை இப்போது
எங்கள் படுக்கைக்கு மேலே தொங்குகிறது.
நான்தான் தைத்தேன், நைலான் நூலால்.
மூன்று முறை துவைத்தும் மீன்வாடை போகவில்லை.
லிகாண்டோ தூங்கிவிட்டான்.
வெளியே, அந்தத் தையல் ஓரமாகவே
ஒரு கொசு
போய்ப் போய்த் திரும்பி வருகிறது.