அசல் சுவர்

மார்ச் மாதம். ரீகாவின் கூரைகள் ஒழுகுகின்றன.
தலையில் பனிக்கட்டி விழுமென்று
நடைபாதை நெடுகச் சிவப்பு வெள்ளை நாடா.
தெருவில் இறங்கி நடந்து
முற்றத்து வளைவுக்குள் நுழைந்தோம்.

வாசலில் பித்தளைப் பலகை:
ஆளிநார் வணிகர் ஒருவர் கட்டியது, 1794,
பழைய பொலிவுக்கு மீட்டது போன வருஷம்.
நடுவில் ஒரே ஒரு கமா.
அந்தக் கமாவுக்குள் இருநூறு வருஷம்
ஆட்கள் குடியிருந்தார்கள்.
கடைசிப் பதினான்கு மாதம்
சுரண்டுகத்தியோடு நான் இருந்தேன்,
முழங்காலுக்கு ரப்பர் மெத்தை கட்டி.

இன்றைக்குக் கைப்பை, உதட்டுச் சாயம்.
நாத்தனார் விஸ்மாவுக்கு நாளை பிறந்தநாள்.

வைக்கோல் பரண் இப்போது காப்பிக்கடை.
வண்டிக் கொட்டகையில் விளக்கு விற்கிறார்கள்.
ஒன்றின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்த குன்டார்ஸ்
சத்தமில்லாமல் மறுபடி கவிழ்த்து வைத்தார்,
தூங்கும் பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுவது போல.
உருண்டைக்கல் தரையில் ஒரு பெண்ணின் குதிகால் செருகி
மூன்று பேர் சேர்ந்து பிடுங்குகிறார்கள்.
கூரைச் சொட்டை நக்கிக் குடிக்கிறது
யாருடையதோ ஒரு நாய்.

குதிரை லாயம்தான் சோப்புக்கடை.

இந்தச் சுவரில் பதினோரு பூச்சு இருந்தது.
மேலே ஆஸ்பத்திரிப் பச்சை,
அதன் கீழ் கடுகு, அதன் கீழ் ஒரு சிவப்பு,
படகுக்கு அடித்து மிஞ்சியதாக இருக்கும்.
அறைக்கொரு குடும்பமாய் ஒன்பது குடும்பம்
ஒரே அடுப்பில் முறைவைத்துச் சமைத்த பிசுக்கு
எல்லாவற்றின் மேலும்.
கட்டடக் கலைஞர் தாலிவால்டிஸ்
ஆறாவது பூச்சில் விரல் வைத்து "இதுதான்" என்றார்.
புறாக்கழுத்து நிறம்.
படத்தில் நன்றாக விழுமாம்.
மேலிருந்த ஐந்தையும் நானே வாளியில் அள்ளினேன்.
கீழே உள்ள ஐந்தும்
இன்னும் அங்கேயே மூச்சடக்கிக் கிடக்கின்றன.

ஜன்னலோரம் காரை உதிர்ந்த இடத்தில்
பென்சிலில் ஒரு கணக்கு கிடைத்தது:
உருளைக்கிழங்கு பன்னிரண்டு.
மண்ணெண்ணெய் மூன்று.
லியோன்தி நாற்பது கோபெக் தரணும்.
'தரணும்' கீழே இரண்டு கோடு,
இரண்டாவது கோட்டில் பென்சில் முனை உடைந்த புள்ளி.

சொல்லியிருக்க வேண்டும், விதி அப்படி.
சொன்னால் கண்ணாடி பதித்து, அதற்கொரு விளக்கும் போட்டு
லியோன்தியை ஊரறியக் கடன்காரன் ஆக்குவார்கள்.
சுண்ணாம்பை மெல்லிசாக இழுத்துவிட்டு
சாப்பிடப் போனேன்.

"இது அசல் சுவர், தொட்டுப் பார்க்கலாம்"
என்றாள் கடைப்பெண்,
நகமெல்லாம் ஊதா.
அந்த இடத்திலேயே தொட்டேன்.
"அப்படியா" என்றேன்.

பிர்ச் இலை மணக்கும் சோப்பு
பதினான்கு யூரோ அறுபது சென்ட்.
பதினைந்து கொடுத்தேன்.
மீதி நாற்பதை
ஜன்னலோர அலமாரியில், சுவரோடு ஒட்டி,
சோப்புகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன்.
குன்டார்ஸ் பார்த்தாரா தெரியாது.
கோபெக்குக்கும் சென்ட்டுக்கும் என்ன கணக்கோ,
எனக்கு அன்றைக்கு அது தீர்ந்தது.

முற்றத்தின் பாதியைக்கூடத் தாண்டவில்லை.
கோட்டுகூடப் போடாமல்
குட்டைகளில் மிதித்து ஓடிவருகிறாள் அந்தப் பெண்.
"சில்லறையை மறந்துட்டீங்க!"
உள்ளங்கையில் இரண்டு இருபது.
அவள் கன்னம் குளிரில் சிவந்திருந்தது.
வேண்டாம் என்று எப்படிச் சொல்ல?
நன்றி சொன்னேன்.

பழைய எடைபோடும் அறை
இப்போது கட்டணக் கழிப்பறை.
ஐம்பது சென்ட்.

கோட்டின் நாலு பைகளையும் துழாவி
பத்து சென்ட் எடுத்துக் கொடுத்தார் குன்டார்ஸ்.
"வீட்டுக்குப் போனதும் தரணும்" என்றார்,
சிரிக்காமல்.